கொண்டை வெளுத்தால் இரும்பு டானிக்கா?

கேள்வி: மூன்று வார பிராய்லர் குஞ்சுகளுக்குக் கொண்டை வெளுத்திருக்கிறது. தண்ணீரில் இரும்பு டானிக் கலக்கலாமா? – வாசகர், பல்லடம்

பதில்: அவசரப்படாதீர்கள். கிலோ தீவனத்துக்கு 80 மில்லிகிராம் இரும்பு என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994ஆம் ஆண்டுப் பரிந்துரை. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, டைகால்சியம் பாஸ்பேட் சேர்ந்தாலே பெரும்பாலும் அது வந்துவிடும். சோயாவிலும் தானியத்திலும் உள்ள ஃபைடேட் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறைக்குத்தான் தாது உப்புக் கலவையில் ஃபெரஸ் சல்பேட் சேர்க்கிறார்கள். கம்பெனித் தீவனம் என்றால் அதுவும் ஏற்கெனவே இருக்கும். தண்ணீரில் வேறு ஊற்றினால் குழாயில் படிந்து பாக்டீரியா பெருகும், நிப்பிள் அடைக்கும். இந்த வயதில் நான் முதலில் சந்தேகிப்பது ரத்தக் கழிச்சலைத்தான். எச்சத்தைப் பாருங்கள். செத்த குஞ்சு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து இன்றே அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.