எந்தத் திரை எந்தப் போர்ட்டில்?

ஒரே கணிப்பொறியில் இரண்டு மானிட்டர்களைப் பொருத்திப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? நமக்கு அது எளிய காரியம். கேபிளைத் துளையில் செருகிவிட்டால் முடிந்தது. ஆனால் உள்ளே இயங்கும் மென்பொருளுக்குக் கண் இல்லை. இடப்பக்கத்தில் இருப்பது எது, வலப்பக்கத்தில் இருப்பது எது என்று அதனால் பார்த்தறிய முடியாது. அப்படியிருக்க, எந்தச் சாதனம் எந்தப் போர்ட்டில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை அது எங்ஙனம் அறிகிறது? இதனையே இங்கு காண்போம்.

கணிப்பொறியின் இயக்க மென்பொருளில் மையமாக நிற்பது கெர்னல். 1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். அதன் நிரலை எவரும் படிக்கலாம் என்பதால் பாடத்திற்கு ஏற்றது. சாதனங்களை ஆள்வதற்கென்று கெர்னலுக்குள் டிரைவர் எனப்படும் நிரல்கள் உண்டு. ஒவ்வொரு டிரைவரும் "இன்னின்ன சாதனங்கள் என் பொறுப்பு" என்று ஒரு பட்டியலை வைத்திருக்கும். கெர்னல் அப்பட்டியலைச் சாதனத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் டிரைவரை அழைத்துச் சாதனத்தை ஒப்படைக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் பெயர் பார்த்து வகுப்புக்குப் போவது போன்றதுதான் இது.

பி.சி.ஐ. வகைச் சாதனங்களில் இந்த ஒப்பீடு மிக எளிது. கேட்டால் அவையே தம் எண்ணைச் சொல்லிவிடும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே. எண்ணைத் தேர்ந்தவர்களுக்கும் சிறிது நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது!

எல்லாச் சாதனங்களும் இப்படிப் பேசுவதில்லை. 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணிப்பொறியைப் பாருங்கள். அதில் இரண்டு சிறிய எச்.டி.எம்.ஐ. துளைகள் உள்ளன. அவற்றை இயக்கும் இரு பகுதிகளும் ஒரே சில்லுக்குள் அடங்கியவை. "நீ யார்?" என்று கேட்டால் அவை வாய் திறவா. ஆகவே 'டிவைஸ் ட்ரீ' என்ற தனிக் கோப்பில் அவற்றின் விவரத்தை மனிதர் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். முதல் எச்.டி.எம்.ஐ. பகுதி இந்த முகவரியில் இருக்கிறது, அதன் பெயர் இது, அதற்குரிய செய்திக் கம்பிகள் இவை என்று அதில் குறிப்பு இருக்கும். டிரைவர் அதை அப்படியே நம்பும். அதற்கு வேறு வழியும் இல்லை.

செய்திக் கம்பிகள் என்றோமே, அவை எதற்கு? வழக்கமான அளவுள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் 19 முனைகள் உண்டு. படத்தைச் சுமப்பவை சில. 15, 16ஆம் முனைகள் மானிட்டரோடு உரையாடுவதற்கு. மானிட்டர் இணைந்துவிட்டது என்று அறிவிப்பது 19ஆம் முனை. உரையாடல் தொடங்கியதும் மானிட்டர் 128 பைட் நீளமுள்ள ஓர் அடையாளச் சீட்டைத் தருகிறது. ஈ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். 1994இல் உருவான முறை. மேலும் சொல்ல இடம் வேண்டுமானால் கூடுதல் சீட்டுகளும் தொடரலாம்.

இச்சீட்டை நாமே படித்துப் பார்க்கலாம். முதல் எட்டு பைட்டுகள் எல்லா மானிட்டருக்கும் பொது: ஒரு 0, ஆறு முறை 255, மீண்டும் 0. அடுத்த இரண்டு பைட்டுகளில் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துப் பெயர் ஒளிந்திருக்கிறது. அவை 16, 172 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் இரும எண்களாக்கி ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் 0001000010101100 என வரும். முதல் 0வை விட்டுவிட்டு ஐந்தைந்தாகப் பிரியுங்கள்: 00100, 00101, 01100. அதாவது 4, 5, 12. ஆங்கில நெடுங்கணக்கில் நான்காவது டி, ஐந்தாவது இ, பன்னிரண்டாவது எல். ஆம், டெல் நிறுவனம்! அதற்குப் பின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் வரும். கடைசி பைட் கூட்டுத்தொகைச் சோதனைக்கு. 128 பைட்டுகளையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபடவேண்டும்.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். உலகில் உள்ள எச்.டி.எம்.ஐ. மானிட்டர்கள் யாவும் இச்சீட்டை ஒரே முகவரியில் வைத்திருக்கின்றன. அம்முகவரி 80. முகவரியைக் கொண்டு ஒன்றையொன்று பிரித்தறிய இயலாது. எந்தக் கம்பி வழியாகக் கேட்டோம் என்பதே ஒரே அடையாளம். டிவைஸ் ட்ரீயில் முதல் போர்ட்டுக்கு இரண்டாம் போர்ட்டின் கம்பியை எவரேனும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? முதல் துளையில் சிறிய மானிட்டர், இரண்டாவதில் பெரிய 4கே திரை என்று கொள்வோம். டிரைவர் சிறிய மானிட்டரிடம் கேட்பதாக எண்ணிக்கொண்டு பெரியதன் சீட்டைப் படிக்கும். சிறியதால் தாங்கமுடியாத படத்தை அதற்கு அனுப்பும். திரை இருண்டுபோகும். கூட்டுத்தொகைச் சோதனையோ சரியாகவே வரும். கடிதம் கிழியாமல் வந்தது என்பதற்கே அது சான்று. யார் வீட்டிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. கெர்னலும் பிழை என்று ஒரு வரிகூட எழுதாது.

இப்பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு ஒரே மாதிரி மானிட்டர்களை வைத்துச் சோதித்தால் பயனில்லை. சீட்டுகள் மாறிப்போனாலும் அவற்றில் உள்ள அளவுகள் ஒன்றே அல்லவா? எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். பிறகு அந்தப் பொருள் விற்பனையாகி, வாங்கியவர் வீட்டில் வெவ்வேறு திரைகளை மாட்டும் நாளில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே வெவ்வேறு நிறுவனத்தின் மானிட்டர்களை எடுத்து, ஒன்றை மட்டும் செருகி, எந்தப் போர்ட்டில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்து, பிடுங்கி, அடுத்த துளையிலும் அப்படியே செய்து பார்க்கவேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் டிரைவர் எழுதி முடித்தோம் என்று சொல்லக்கூடாது என்பது நம் கருத்து.

பெயரை நம்பலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ராஸ்பெர்ரி பை பலகையில் துளைகளின் அருகே எச்.டி.எம்.ஐ.0, எச்.டி.எம்.ஐ.1 என்று அச்சிட்டிருக்கிறது. லினக்ஸ் அவற்றை எச்.டி.எம்.ஐ.-ஏ-1, எச்.டி.எம்.ஐ.-ஏ-2 என்று அழைக்கிறது. பலகையின் 1 வேறு, கெர்னலின் 1 வேறு! கெர்னல் தரும் எண் பதிவான வரிசையைப் பொறுத்ததேயன்றி, பெட்டியில் அச்சிட்டதைப் பொறுத்ததன்று. வரிசையைக் கொண்டு "முதலில் வந்தது இடப்பக்கத்துத் திரை" என்று முடிவுசெய்யும் நிரல் இன்று சரியாக ஓடும். நாளை டிரைவர்கள் வேறு வரிசையில் எழுந்தால் தடுமாறும்.

ஒலிக்கும் இதே தொல்லை உண்டு. எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கிறது. ஆனால் பல கணிப்பொறிகளில் ஒலிக்கென்று தனி டிரைவர் இருக்கிறது. ஆகவே "இந்தப் போர்ட்டில் ஒலி எழுப்பக்கூடிய மானிட்டர் இருக்கிறது" என்று படத்தின் டிரைவர் போர்ட் எண்ணோடு சேர்த்து ஒலி டிரைவருக்குச் சொல்லவேண்டும். எண் மாறினால் படம் ஒரு திரையில் ஓடும், பாட்டு மற்றொன்றில் கேட்கும்.

ஒரே மாடலில் இரண்டு மானிட்டர்கள், இரண்டிலும் வரிசை எண் 0 என்று இருந்தால்? சில தயாரிப்பாளர்கள் அந்த இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். அப்போது சீட்டு மட்டும் போதாது. சீட்டையும் அது வந்த போர்ட்டையும் இணைத்தே அடையாளமாகக் கொள்ளவேண்டும். கேபிள்களை ஒருவர் மாற்றிச் செருகினால் அந்த அடையாளமும் மாறிவிடும். இடம் எது, வலம் எது என்று அமைப்புத் திரையில் நாம்தான் மறுபடி குறித்துத் தரவேண்டும்.