வண்டி ‘ஹீட்’ ஆனால் மூடியைத் தொடாதீங்க!



நம் குழுக்களில் கடன் வாங்கிச் சிறிய லோடு வண்டி வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு இந்த மாதிரி வண்டிகள் ஊர் ஊராகப் பரவின. ‘குட்டி யானை’ என்றால்தான் நம்ம ஆட்களுக்குப் புரியும். வாழைத்தார் ஏற்ற, நெல் மூட்டை கொண்டுபோக, பந்தல் சாமான் இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஓட்டுவது வீட்டுக்காரரோ மகனோ, ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது. இன்ஜின் படுத்துவிட்டால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. அதனால் ‘அது ஆம்பளைங்க விஷயம்’ என்று விட்டுவிடாமல், வண்டி ஏன் கொதிக்கிறது என்று இந்த இதழில் பார்ப்போம்.

இன்ஜினுக்குள் டீசல் எரிகிற சூட்டைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுவருகிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைச் சுற்றவிடும். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுபட்டு ஆறி, மறுபடி இன்ஜினுக்குப் போகும். வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. இன்ஜின் சுமார் 80, 90 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் அது திறக்கும்.

ரேடியேட்டர் மூடியை நம்ம குக்கர் வெயிட் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது அழுத்திப் பிடிப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி பக்கம் போனாலும் தண்ணீராகவே கிடக்கும். அந்த நேரத்தில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். விசில் வருகிற குக்கரை யாராவது திறப்போமா?

சூடு காட்டும் முள் சிவப்புக்கு வந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடணும். மார்க்கெட்டுக்கு நேரமாச்சு என்றாலும் அப்படித்தான். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, இரும்பு வெடித்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? நன்றாக ஆறிய பிறகு, தடித்த துணியை மடித்து மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, கொஞ்சம் மட்டும் திருகி மிச்ச ஆவியை வெளியே விடணும். அப்புறம்தான் முழுதாகத் திறக்கலாம்.

இனி, காரணம் கண்டுபிடிப்பது. போன் வந்ததும் பதறாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கே வச்சுப்பா சூடாச்சு?” வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று நின்று போகும்போது மட்டும் சூடாகி, நாலுவழிச் சாலையில் ஓடும்போது சரியாகிவிட்டால், பெரும்பாலும் பேன் வேலை செய்யவில்லை. நெரிசலில் ஒன்றுமில்லை, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போதுதான் கொதிக்கிறது என்றால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். பாரமும் கூடுதலாக ஏற்றியிருக்கலாம், அதையும் கேட்கணும். பேட்டரி விளக்கும் சூட்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கும், பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் ரெண்டையும் ஓட்டுகிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுடச்சுட இருந்து கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘இனி சூடாகாது’ என்று சொல்கிற மெக்கானிக் அண்ணாச்சிகளும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். புதுசு மாற்றச் சொல்லுங்கள்.

கார், பிசானம் ரெண்டு அறுவடையிலும் வைக்கோல் தூசி ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தை அடைத்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

உள்பக்க அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் நாம் ஊற்றுகிற தண்ணீர். உப்பான போர் தண்ணீரைத் தினம் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. ஆற்றுத் தண்ணீர் அதைவிடத் தேவலை, ஆனால் அதிலும் துருப்பிடிக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவதே சரி. கலந்தே வருகிற கூலன்டும் உண்டு, அதில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வழியில் வேறு கதியில்லை என்றால் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை வந்து, அப்புறம் அதை வடித்துவிடணும். கூலன்ட் விஷம், ருசியோ இனிப்பு. பிள்ளைகள், ஆடு மாடு, நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். வடித்த பழைய கூலன்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

சூடான வண்டியை விடாமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறையும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் வண்டியை எடுக்க வேண்டாம். பெல்ட்டும் ஹோஸும் சின்னச் செலவு, இது தவணையைத் தின்கிற செலவு.

குழுக் கணக்குக்கு நோட்டுப் போடுகிற நமக்கு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுவது கஷ்டமில்லை. வாரம் ஒரு நாள் காலையில், வண்டி எடுக்கும் முன், கூலன்ட் பாட்டிலில் மட்டம் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, தேதி போட்டு எழுதுங்கள். ஊற்றியிருந்தால் எவ்வளவு என்றும் எழுதுங்கள். பாட்டில் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓட்டுகிறவரிடம் ஒரு தடவை காட்டச் சொன்னால் போதும். மாதத்தில் ரெண்டு தடவைக்கு மேல் ஊற்றியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.