உள் மூலையில முதல்ல ஓட்டை போடுங்க

எங்க கோ-கார்ட்டோட பிரேக் பெடல் பிராக்கெட்டைச் செஞ்சது நான். டெஸ்டிங் ஆரம்பிச்ச மூணாவது வாரம் அது உடைஞ்சது. ஓட்டிட்டு இருந்தது என் ரூம்மேட். "டேய், பெடல் மடங்குதுடா!"ன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அடுத்த நொடி வண்டி பழைய டயர் அடுக்குல போய் முட்டி நின்னுச்சு. முழங்கால்ல ஒரு வீக்கம், அவ்வளவுதான். அந்த இடத்துல டயருக்குப் பதிலா காம்பவுண்டு சுவர் இருந்திருந்தா இதை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

லேத், மில்லிங், லேசர் கட்டிங் எதுவும் கையில இல்லாம, ஒரு வைஸ், ஹேக்சா, அரம், ஹேண்ட் ட்ரில் வச்சு வண்டிக்கு இரும்புப் பாகம் செய்ய முடியுமான்னு ஜூனியர்ஸ் கேட்கிறாங்க. முடியும். நான் முதல்ல செஞ்ச பிராக்கெட் ஏன் உடைஞ்சது, ரெண்டாவதை எப்படி செஞ்சேன்னு சொல்றேன்.

பாகம் ரொம்ப சிம்பிள். 5 மி.மீ. எம்.எஸ். தகட்டுல 'ட' எழுத்து மாதிரி வெட்டின ரெண்டு துண்டு. நிமிர்ந்து நிற்கிற பகுதியோட உச்சியில பெடல் தொங்குற பிவட் ஓட்டை. படுத்திருக்கிற பகுதி டிரைவர் பக்கம் நீண்டு, ரெண்டு போல்ட்டுல ஃபிரேமோட சேரும். பெடலை மிதிச்சா நிமிர்ந்த பகுதி முன்னாடி சாயப் பார்க்கும். அப்போ விரியிறது அந்த உள் மூலைதான். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை விரிஞ்சு சுருங்கும்.

அந்த மூலையை நான் ஆங்கிள் கிரைண்டர்ல வெட்டினேன். கிரைண்டர் டிஸ்க் வட்டமா இருக்கும் இல்லையா? அடிப் பக்கம் மூலை வரைக்கும் வெட்டு போய்ச் சேரணும்னா, மேல் பக்கம் மூலையைத் தாண்டித்தான் போயாகணும். எனக்கு ரெண்டு மில்லி தாண்டிப் போயிருந்தது. "பெயிண்ட் அடிச்சா தெரியாது"ன்னு விட்டுட்டேன். உண்மைதான், தெரியவே இல்லை.

உடைஞ்ச துண்டை வொர்க்‌ஷாப் அண்ணாகிட்ட கொண்டு போனேன். உடைஞ்ச முகத்துல பாதி துருப் பிடிச்சு கறுப்பா இருந்தது, மீதிப் பாதி பளபளன்னு புதுசா. அவர் கறுப்புப் பக்கத்துல விரலை வச்சு, "தம்பி, இது இன்னைக்கு உடைஞ்சது இல்ல. பத்து நாளா உடைஞ்சுட்டே இருந்திருக்கு. பளபளன்னு இருக்கிறது மட்டும்தான் இன்னைக்கு"ன்னாரு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்தப் பத்து நாள்ல நாங்க எல்லாருமே மாத்தி மாத்தி ஓட்டியிருந்தோம்.

செமஸ்டர்ல ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்னு படிச்சு, மார்க் வாங்கி, மறந்தும் போன விஷயம் இது. 1913-ல இங்லிஸ் கொடுத்த கணக்கு: ஒரு வெட்டோட ஆழத்தை அதன் முனையோட ஆரத்தால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்கி, ஒண்ணைக் கூட்டணும். சுத்தி இருக்கிற ஸ்ட்ரெஸ் முனையில எத்தனை மடங்காகுதுன்னு தோராயமா வரும். என்னோட வெட்டு 2 மி.மீ. ஆழம், முனை ஆரம் 0.1 மி.மீ.ன்னு வைங்க, கிட்டத்தட்ட 10 மடங்கு. அதே ஆழத்துக்கு முனை ஆரம் 5 மி.மீ. இருந்தா 2.3 மடங்கு கூட இல்லை. இரும்பு அதே இரும்பு, தடிமனும் அதே தடிமன். 1954-ல ரெண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானத்துல சிதறி மத்தியதரைக் கடல்ல விழுந்ததுக்கும் காரணம் திறப்புகளோட மூலைப் பக்கம் ஆரம்பிச்ச இந்த மாதிரி வெடிப்புதான். அது அலுமினியம், இது எம்.எஸ். மூலைக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது.

சரி, ரெண்டாவது பிராக்கெட். பழைய இரும்புக் கடையில 6 மி.மீ. தகடு எடுத்தேன். கடையில எடுக்கிற இரும்பு மேல அரத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. கடிச்சா மைல்டு ஸ்டீலா இருக்க வாய்ப்பு அதிகம். கடிக்காம வழுக்கிட்டுப் போனா அது கடினப்படுத்தின இரும்பு, வச்சுட்டு வந்துடுங்க. நம்ம ட்ரில் பிட்டும் தாங்காது, வெல்டிங் பண்ணாலும் வெடிக்கும்.

முதல் வேலை ஒரே ஒரு விளிம்பை நேராக்குறது. அரம் போட்டு, மூலைமட்டத்தை வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. நடுவுல வெளிச்சம் ஒழுகக் கூடாது. எல்லா அளவும் அந்த ஒரு விளிம்புல இருந்துதான் எடுக்கணும். ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டைக்குன்னு அளந்துட்டே போனீங்கன்னா, கால் கால் மில்லியா தப்பு சேர்ந்து கடைசி போல்ட் உள்ளேயே போகாது. மார்க்கிங் ப்ளூ இல்லையா? பெர்மனென்ட் மார்க்கரைத் தேய்ச்சுட்டு ஸ்க்ரைபரால கோடு போடுங்க, நல்லாவே தெரியும்.

இப்போ தலைப்புல சொன்ன விஷயம். வெட்டுறதுக்கு முன்னாடியே உள் மூலையில 10 மி.மீ. ஓட்டை போடுங்க. சென்டர் பஞ்ச், அப்புறம் 4 மி.மீ. பிட், 7 மி.மீ., கடைசியா 10. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஹேக்சாவால வெட்டிட்டு வந்து அந்த ஓட்டையில முடிங்க. மூலை தானாவே உருண்டையா வந்துடும், தாண்டி வெட்டுறதுக்கும் வழியே இல்லை.

ட்ரில் ஸ்பீடுதான் நம்ம பசங்க எல்லாரும் கோட்டை விடுற இடம். ஹெச்.எஸ்.எஸ். பிட்டுக்கு எம்.எஸ்.ல நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம்னு வச்சா, 10 மி.மீ. பிட் கிட்டத்தட்ட 800 ஆர்.பி.எம்.ல சுத்தணும். வீட்டு ஹேண்ட் ட்ரில் பலதும் ட்ரிக்கரை முழுசா அழுத்தினா 2,500-ஐத் தாண்டும். பிட் கீச்சுன்னு கத்துது, புகை வருது, முனை நீலமாகுதுன்னா அதுதான் காரணம். மெதுவா சுத்த விட்டு, நல்லா அழுத்தி, ரெண்டு சொட்டு ஆயில் விடுங்க. சுருள் சுருளா சீவல் வரும், அதைப் பார்க்கவே திருப்தியா இருக்கும். தகட்டைக் கையில பிடிச்சுட்டு மட்டும் ட்ரில் போடாதீங்க. பிட் அடிப் பக்கம் வெளிய வர்ற நேரத்துல தகட்டைக் கவ்வி சுழட்டிடும். துணி கிளவுஸும் வேண்டாம், கண்ணாடி கட்டாயம்.

ஹேக்சா பிளேடுல பல் முன்பக்கம் பார்த்திருக்கணும். குறைஞ்சது மூணு பல் எப்பவும் தகட்டுக்குள்ள இருக்கணும், இல்லைன்னா பல் உடையும். 6 மி.மீ.க்கு இஞ்சுக்கு 18 பல் உள்ள பிளேடு சரியா இருக்கும். பிளேடோட முழு நீளத்தையும் பயன்படுத்தி, நிமிஷத்துக்கு நாப்பது ஐம்பது தடவை. எனக்கு ஒரு துண்டு வெட்ட முக்கால் மணி நேரம் ஆச்சு. கிரைண்டர்ல மூணு நிமிஷம்தான், ஒத்துக்கிறேன்.

ரெண்டு துண்டையும் ஒண்ணா போல்ட் போட்டு இறுக்கிட்டு, பிவட் ஓட்டையைச் சேர்த்தே போட்டேன். தனித்தனியா போட்டா எவ்வளவு கவனமா இருந்தாலும் பெடல் கோணலாத்தான் நிற்கும். ஓட்டை மையத்துல இருந்து விளிம்புக்கு ஓட்டை விட்டத்துல ஒன்றரை மடங்காவது விடுங்க, ரெண்டு மடங்குன்னா இன்னும் நல்லது.

அரம் போடுறப்போ முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்தம். அரத்துல சாக்பீஸ் தேய்ச்சுட்டா பிசிறு பல்லுக்குள்ள அடைக்காது. உள் மூலையை உருண்டை அரத்தால வழவழன்னு ஆக்கி, கடைசியா எமரி தாளை விளிம்போட நீளவாக்குல ஓட்டுங்க. குறுக்கா விழுற ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டி வெட்டு, அது விரியிற திசைக்கு நேர் குறுக்கா நிற்கும். இதை நான் புத்தகத்துல படிக்கல. குறுக்கா தேய்ச்சுட்டு நின்னப்போ வொர்க்‌ஷாப் அண்ணா கையில இருந்த தாளை வாங்கித் திருப்பிப் பிடிச்சுக் காட்டினாரு.

இதுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல, லேசா ஆயில்தான். வாரம் ஒரு தடவை கழட்டி, மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டு, நல்லா துடைச்சுட்டு, மூலையில சாக்பீஸ் பொடி பூசுவோம். வெடிப்பு இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் கசிஞ்சு வெள்ளையில ஒரு ஈரக் கோடு காட்டும். இதுவரைக்கும் கோடு வரல. சாக்பீஸ் பூசுறது நான், டார்ச் அடிச்சுப் பார்க்கிறது என் ரூம்மேட். அந்த டார்ச்சை அவன் வேற யார்கிட்டயும் கொடுக்கிறதில்லை.