சர்வருக்கு முகம் தெரியாது: இரண்டு கம்ப்யூட்டரில் ஒரு வினாடி வினா



மூலக்கொத்தளத்தில் நம் குழு அம்மாக்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினோம். கையில் இருந்தது பழைய லேப்டாப் மூணு, ஒரு போன். அதை வைத்து ஒரு வினாடி வினா விளையாட்டு செய்தோம். "மீன் கூடையை இறக்கி வச்சிட்டு வந்திருக்கேன். இது நமக்கு எதுக்கும்மா?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலைக் கிராமத்துச் சகோதரிகளும் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

சர்வர் யார்? கிளையண்ட் யார்?

நம்ம குழுக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. கணக்கு நோட்டு ஊக்குநரிடம் இருக்கும். உறுப்பினர் வந்து கேட்பார். ஊக்குநர் நோட்டைப் பார்த்துச் சொல்வார். நோட்டை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வர். அதைத் தேடி வரும் கம்ப்யூட்டர் கிளையண்ட். நம் விளையாட்டில் கேள்வி, சரியான விடை, மார்க் மூன்றும் சர்வரிடமே இருக்கும். ஆனால் முதலில் கதவைத் தட்டுவது கிளையண்ட்தான்.

சாக்கெட் என்றால் என்ன?

இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வாசல்தான் சாக்கெட். 1983ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் இந்த முறை வந்தது. இன்றும் அதே வழிதான்.

வாசலுக்கு இரண்டு அடையாளம் வேண்டும். ஐபி முகவரி என்பது ஹவுசிங் போர்டு பிளாக் மாதிரி. போர்ட் எண் என்பது அந்த பிளாக்கில் உள்ள கதவு எண். போர்ட் எண் 65535 வரை உண்டு. 1024க்குக் கீழே உள்ளவை பொதுச் சேவைகளுக்கு ஒதுக்கியவை. நாங்கள் 5000 எடுத்துக்கொண்டோம்.

சர்வர் செய்யும் வேலை:

1. சாக்கெட் திறக்கும்.
2. முகவரியையும் போர்ட் எண்ணையும் அதோடு சேர்க்கும். இது பைண்ட்.
3. யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கும். இது லிசன்.
4. வந்தவரை ஏற்கும். இது அக்செப்ட். வந்தவருக்கென்று தனி சாக்கெட் கிடைக்கும். வாசல் சாக்கெட் அடுத்தவருக்காகத் திறந்தே இருக்கும்.
5. கேள்வி அனுப்பும், பதில் வாங்கும், சரிபார்த்து மார்க் போடும்.
6. முடிந்ததும் மூடும்.

கிளையண்ட் வேலை சுலபம். சாக்கெட் திறந்து, சர்வரோடு இணைந்து (கனெக்ட்), கேள்வியைக் காட்டி, பதிலை அனுப்பி, மூடிவிடும்.

இதை எழுத பைத்தான் மொழி போதும். அது இலவசம். இன்டர்நெட்டும் தேவையில்லை. ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் எல்லா லேப்டாப்பையும் சேர்த்தால் போதும். விண்டோஸ் அனுமதி கேட்டால் கொடுக்க மறக்காதீங்க.

நாங்கள் வைத்த கேள்விகள்

ராயபுரம் ரயில் நிலையம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது? (1856). மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்யப்பட்ட மொழிப்போர் தியாகிகள் யார்? (1939ல் இறந்த நடராசன், தாளமுத்து). நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு எத்தனை சதவீதம்? (24). கடைசிக் கேள்விக்கு அம்மாக்கள்தான் முதலில் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் பேப்பரைத் தேடினார்கள்!

வந்த சிக்கல்கள்

முதலில், இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டு வந்தது. சில நேரம் பாதிக் கேள்விதான் வந்தது. சாக்கெட்டில் செய்தி குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடி வரும். எங்கே ஒன்று முடிகிறது என்று அதுவாகச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் ஒரு 'புது வரி' அடையாளம் வைத்தோம். அது வரும்வரை சேர்த்து வைத்துப் பிறகு படிக்கச் சொன்னோம்.

அடுத்தது, தமிழ் எழுத்து உடைந்து வந்தது. யுடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட் வேண்டும். 'கா' என்றால் 6 பைட். பாதியில் வெட்டிப் படித்தால் எழுத்து சிதையும். முழு வரியும் வந்த பிறகு படித்ததும் சரியானது.

மூன்றாவது, ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் த்ரெட் என்ற தனி வேலையாளைக் கொடுத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட முடிந்தது.

அன்று நடந்தது

ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க ரகசிய எண் கொடுத்திருந்தோம். மீன் விற்கும் அக்கா தன் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை அதைக் கேட்டு, அடுத்த லேப்டாப்பில் அதே எண்ணைப் போட்டு, வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லி, அக்காவின் மார்க்கைக் குறைத்துவிட்டது.

"நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்! அங்க எப்படி என் பேர்ல ஆட முடியும்?" என்றார் அக்கா.

சர்வருக்கு முகம் தெரியாது. வந்த எண் சரியா என்று மட்டும்தான் பார்க்கும். அடித்த கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார். போன வருஷம் "பேங்க்ல இருந்து பேசறோம்" என்று ஒருவன் போன் செய்திருக்கிறான். ஓடிபி எண்ணைச் சொல்லியிருக்கிறார். குழுக் கடன் தவணைக்கு வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. "எப்படிப் போச்சுன்னே புரியல. வீட்ல எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க. இப்பதான் புரியுது" என்றார்.

நம் போன் ஒரு கிளையண்ட். பேங்க் கம்ப்யூட்டர் சர்வர். ஓடிபி, பின் நம்பர் இரண்டும் நாம் காட்டும் அடையாளம். அதை யாரிடமாவது சொன்னால் அவன் நாமாகிவிடுகிறான். இன்னொன்றும் மறக்காதீங்க: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. அனுப்பத்தான் பின் கேட்கும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேச:

* நம் குழுவில் இப்படிப் பணம் இழந்தவர் யாராவது சொல்லாமல் இருக்கிறார்களா? அவரைக் குறை சொல்லாமல் கேளுங்கள்.
* சர்வர், கிளையண்ட் இரண்டையும் குழு நோட்டை வைத்து ஒரு உறுப்பினர் மற்றவர்களுக்கு விளக்கட்டும்.
* படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பாடத்தைக் கொடுங்கள். விளையாட்டை அவர்கள் செய்யட்டும், கேள்விகளை நீங்க எழுதுங்க.

மீன் விற்கும் அக்கா இப்போது அடுத்த வகுப்புக்குக் கேள்வி தயார் செய்கிறார். அவருடைய முதல் கேள்வி: "பேங்க்காரன் போன்ல ஓடிபி கேட்பானா?"