பெட்ரோல் காரா, டீசல் காரா?

கோட்டைக்குப்பம் முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களில் கார் வாங்க எண்ணுவோர், எது மலிவு என்று வினவுமுன், எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம் என்று கணக்கிடல் வேண்டும்.

டீசல் எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்தி, அவ்வுஷ்ணத்தினாலேயே எண்ணெயைப் பற்றச் செய்வது. ஆதலின் லிட்டருக்கு ஓடும் தூரம் அதிகம். டர்போவின் துணையும் சேர்வதால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை மிகும். மீனோ நெல்மூட்டையோ ஏற்றிய டிரெயிலரை இழுக்க இது அநுகூலமானது.

ஆயினும் அதன் கொள்முதல் விலை அதிகம். 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீங்கியபின் எண்ணெய் விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது. உதாரணமாக, டீசல் கார் ரூ. 1,20,000 அதிகமென்றும், கிலோமீட்டருக்கு ரூ. 2 மிச்சமென்றும் கொள்வோம். 60,000 கிலோமீட்டர் ஓடிய பின்னரே அம்முதல் திரும்பும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுவோர்க்கு இரண்டரை ஆண்டு போதும். 500 ஓட்டுவோர்க்கு 10 ஆண்டு ஆகும். மேலும், 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் கார்களிலுள்ள புகைக்கரி வடிகட்டி, சிறு தூரமே ஓடிவரின் அடைபடும்.

ஆகவே, நித்தம் பாரத்துடன் நெடுந்தூரம் செல்வோர் டீசலையும், ஏனையோர் பெட்ரோலையும் கொள்க. எவ்வகையாயினும், கைப்புத்தகத்தில் இழுவை எடை குறிக்கப்படாத காரில் டிரெயிலர் பூட்டலாகாது. குறித்த எடையை மீறவும் லாகாது. உவர்நீர் பட்ட சக்கரத்தையும் கொக்கியையும் அன்றன்றே நன்னீரால் கழுவுக.