உருகிய எஃகுக்குக் காந்தக் கடிவாளம்

இரும்பைக் காந்தம் ஈர்க்கும் என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்த செய்தி. ஆயின் 770 பாகை செல்சியசு வெப்பநிலையைக் கடந்த இரும்பு அவ்வியல்பை இழந்துவிடுகிறது. உருகிய எஃகோ ஏறத்தாழ 1500 பாகையில் இருப்பது. காந்தம் ஈர்க்க இயலாத அந்நீர்மத்தைக் காந்தத்தைக் கொண்டே அடக்குகின்றனர் என்றால் வியப்புத் தோன்றுவது இயல்பே.

அடக்க வேண்டிய தேவை யாது? தொடர்வார்ப்பு முறையில் உருகிய எஃகு ஒரு குழாய் வழியே, நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சினுள் இறங்குகிறது. குழாயின் பக்கத் துளைகளிலிருந்து பீறிடும் எஃகு அச்சின் குறுகிய சுவர்களில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேலேறும், மற்றொன்று ஆழப் பாயும். எஃகின்மீது காற்றுப் படாமலும் வெப்பம் குன்றாமலும் காக்க இடப்படும் தூள், உருகி மேற்பரப்பில் மிதக்கும். மேலேறும் கிளை மிக விரைந்தால் பரப்பு அலைபாய்ந்து அத்தூளின் துளிகளை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆழப் பாயும் கிளையோ, மிதந்து வெளியேற வேண்டிய மாசுகளைக் கீழே கொண்டுசெல்லும். பாளத்தைத் தகடாக உருட்டும்போது சிறு மாசும் நீண்ட வடுவாக வெளிப்படும். மெதுவாக வார்த்தால் தொல்லை குறையும், உற்பத்தியும் குறையுமே!

இங்குதான் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் துணைக்கு வருகிறது. அச்சின் அகன்ற பக்கங்களுக்கு வெளியே மின்காந்தங்களை அமைத்து, ஓட்டத்திற்குக் குறுக்கே மாறாத காந்தப்புலத்தைச் செலுத்துகின்றனர். செம்பு அதனைத் தடுப்பதில்லை. மின்கடத்தியாகிய எஃகு அப்புலத்தை வெட்டிச் செல்கையில் அதனுள் மின்னோட்டம் எழுகிறது. மின்னோட்டமும் புலமும் சேர்ந்து பிறப்பிக்கும் விசை, லென்சின் விதிப்படி, ஓட்டத்தையே எதிர்க்கிறது. இதன் அழகு யாதெனில், அசையாத எஃகின்மீது இவ்விசை இல்லை; விரைவு கூடக்கூடத் தடையும் கூடும். புலத்தின் வலிமையை இருமடங்காக்கினால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இத்தனைக்கும் எக்கருவியும் எஃகைத் தொடுவதில்லை!

டென்மார்க்கு அறிஞர் ஆர்ட்மன் 1937இலேயே பாதரச ஓட்டத்தில் இவ்விளைவை ஆராய்ந்திருந்தார். 1980களின் தொடக்கத்தில் சப்பானின் கவாசாகி எஃகு நிறுவனமும் சுவீடனின் ஏ.எஸ்.ஈ.ஏ. நிறுவனமும் அதனை எஃகாலைக்குக் கொணர்ந்தன.

எனினும் முற்றும் அடங்கிய பரப்பும் தீங்கே என்பதை நாம் மறத்தலாகாது. புதிய எஃகு மேலே வந்து வெப்பம் தராவிடில் தூள் நன்கு உருகாது. சுவரையொட்டிய பரப்பு முன்னதாகவே இறுகிவிடும். புலம் பொருந்தா இடத்தில் அமைந்தாலோ, தடுக்கப்பட்ட ஓட்டம் வேறு வழி தேடிப் பாயும். எனவே சில ஆலைகள் பரப்பின் அருகே ஒன்றும் குழாய்முனைக்குக் கீழே ஒன்றுமாக இரு புலங்களை அமைத்து, வார்ப்பின் விரைவுக்கேற்ப அவற்றைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றன.