கவுன்சிலரைப் பார்த்தால் பதிவேட்டில் எழுது: அயர்லாந்தில் நடப்பது

கவுன்சிலரைப் பார்த்து நம்ம காரியத்தைச் சொல்வது தப்பே இல்லை. கம்பெனிக்காரர் போய்ப் பார்க்கிறார், விவசாய சங்கத்துக்காரரும் பார்க்கிறார். யார் பார்த்தார், எதற்குப் பார்த்தார் என்று ஊருக்குத் தெரியாமல் போவதில்தான் வினை இருக்கிறது. அயர்லாந்தில் இதை ஒரு பதிவேட்டில் எழுத வைத்திருக்கிறார்கள். சங்கம் நடத்துகிறவர்கள் இதன் விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே 31 உள்ளாட்சி மன்றங்கள், 949 கவுன்சிலர்கள். அன்றாட நிர்வாகம் தலைமைச் செயல் அலுவலர் கையில். ஆனால் ஆண்டு பட்ஜெட்டும் வளர்ச்சித் திட்டமும் கவுன்சிலர்கள் கை தூக்கினால்தான் நிறைவேறும். எந்த நிலம் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று கோடு போடுவது இந்த வளர்ச்சித் திட்டத்தில்தான். நேற்றுவரை மாடு மேய்ந்த வயல் ஒரு தீர்மானத்தில் வீட்டுமனை நிலமாகிவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். அப்புறம் கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்காமல் என்ன செய்யும்?

டப்ளினில் அப்படித்தான் ஆனது. ஃபிராங்க் டன்லப் என்று ஒருவர். ஒரு காலத்தில் அரசாங்கத்தின் செய்திச் செயலாளராக இருந்தவர், பிறகு நில முதலாளிகளுக்காக லாபி செய்யும் தொழிலுக்கு வந்தார். நகரின் மேற்கே குவாரிவேல் என்ற இடத்தை வணிக வளாகத்துக்கு ஏற்றபடி மாற்றுவது உட்பட, பல நிலங்களுக்காகக் கவுன்சிலர்களுக்குப் பணம் கொடுத்தார். 1997-ல் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2000-ல் அவரே அங்கே வந்து பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். 2009-ல் ஜெயிலுக்குப் போனார். ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது 2012-ல். 15 வருஷம்! ஆனாலும் அது வீண் போகவில்லை. லாபி செய்வதை முறைப்படுத்தும் சட்டம் 2015-ல் நிறைவேறி, அந்த செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் லாபியைத் தடை செய்யவில்லை. "செய், ஆனால் எழுதிக் கொடு" என்கிறது. பத்துக்கு மேல் முழுநேர ஊழியர் வைத்திருக்கும் நிறுவனம், சம்பளத்துக்கு ஒரு முழுநேர ஆளாவது வைத்திருக்கும் சங்கம், கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகப் பேசுகிறவர், இவர்களெல்லாம் பதிவு செய்ய வேண்டும். கவுன்சிலரைப் பார்த்தார்களா, போன் பண்ணினார்களா, மின்னஞ்சல் அனுப்பினார்களா, எந்த விஷயம், என்ன முடிவை எதிர்பார்த்தார்கள் என்பதை எல்லாம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். கடைசித் தேதிகள் ஜனவரி 21, மே 21, செப்டம்பர் 21. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பேங்கில் வருஷக்கணக்காக லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிலத்தின் வகைமாற்றம் பற்றிப் பேசினால் ஊழியர் கணக்கெல்லாம் கிடையாது. தனி ஆளாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. "என் சொந்த வயல், நான் பேசக் கூடாதா?" என்றால், பேசலாம், எழுதிக் கொடுத்துவிட்டு. நிலத்தை மனையாக்கக் கேட்பவருக்கும், மனையாக்காதே என்று கேட்பவருக்கும் ஒரே விதி. இது சரி என்றுதான் நினைக்கிறேன்.

மனையாக்காதே என்று கேட்பவர்களும் அங்கே உண்டா? உண்டு. குடியிருப்பு என்று கோடு போட்ட, தண்ணீர், சாலை வசதி உள்ள நிலத்தை வீடு கட்டாமல் வைத்திருந்தால் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 3 சதவீதம் வரி என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மனை போட்டுப் பதுக்கி வைப்பவர்களைப் பிடிக்கத்தான் இந்த வலை. ஆனால் தலைமுறையாக மாடு வளர்ப்பவரின் வயலும் அதில் மாட்டிக்கொண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வயலின் மதிப்பு 5 லட்சம் யூரோ என்றால் வருஷத்துக்கு 15,000 யூரோ வரி. புல்லும் பாலும் விற்று இதை எப்படிக் கட்டுவது? விவசாயிகள் அமைப்புகள் அமைச்சர்களிடமும் கவுன்சிலர்களிடமும் விடாமல் பேசின. 2024-ல் தொடங்க வேண்டிய வரி 2025-க்குத் தள்ளிப்போனது. நிலத்தின் வகையை மாற்றச் சொல்லி மன்றத்திடம் மனுக் கொடுத்து விலக்குக் கேட்கவும் வழி பிறந்தது.

இதில் ஒரு நுணுக்கம். மன்றம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, வந்த மனுக்களை அதுவே வெளியிடும்போது அந்த மனு லாபி ஆகாது. அது ஏற்கெனவே வெளிச்சத்தில் இருக்கிறது. அதே விவசாயி மாட்டுச் சந்தையில் கவுன்சிலரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினால் அது லாபி.

70 ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள ஐரிஷ் விவசாயிகள் சங்கம் இந்தப் பதிவேட்டில் அதிகமாகத் தாக்கல் செய்யும் அமைப்புகளில் ஒன்று. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கலாம். என் பார்வையில் அது அந்தச் சங்கத்துக்குப் பலம். எதிர்த்தரப்புக் கம்பெனி யாரைப் பார்த்தது என்று அவர்களும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா?

ஓட்டைகளும் இருக்கின்றன. சம்பள ஆள் இல்லாமல் தன்னார்வலர்கள் நடத்தும் சின்னக் குழு, நில விஷயம் தவிர மற்றதைப் பேசினால் பதிய வேண்டியதில்லை. பேச்சின் முழு விவரமும் பதிவில் வராது, தலைப்பும் நோக்கமும்தான் வரும். தாமதமாகத் தாக்கல் செய்தால் அபராதம் 200 யூரோ. பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு.

கையூட்டுக் கேட்பவர் பதிவேட்டைப் பார்த்தா பயப்படுவார்? சட்டம் வந்து மூன்றே மாதத்தில், 2015 டிசம்பரில், ஆர்டிஇ தொலைக்காட்சி ரகசியக் கேமராவில் மூன்று கவுன்சிலர்களைப் படம் பிடித்துக் காட்டியது. காற்றாலைக் கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒரு செய்தியாளர் அவர்களிடம் போயிருந்தார். அவர்களில் ஒருவர் பத்தாயிரம் பவுண்டு கேட்டார்.

இன்னொன்று, பதிவு செய்யும் பொறுப்பு பேசப் போனவருக்குத்தான். கவுன்சிலர் எதையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவர் தன் நிலம், தொழில் முதலிய நலன்களை ஆண்டுதோறும் மன்றத்தில் தனியாக அறிவிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குத்தான் முழுக்கதையும் புரியும்.